ஐந்தாவது கணினி

இப்போது யாரும் பாட்டு வாங்குவதில்லை. மாதம் இவ்வளவு என்று கட்டிவிட்டு, உலகத்துப் பாட்டையெல்லாம் கைப்பேசியில் கேட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் சொல்வது, பாட்டை ஒவ்வொன்றாக ஒரு டாலருக்குக் கணினியில் வாங்கிய காலம். காசு கொடுத்து வாங்கினாலும் அது முழுக்க நம்முடையது ஆகிவிடாது. ஒரு கணக்குக்கு ஐந்து கணினிகளுக்குத்தான் அனுமதி. ஆறாவதில் போட்டால் பாட்டு வாயைத் திறக்காது. அதனால் பழைய கணினியைத் தூக்கிப் போடுமுன் அதிலேயே ஒரு பொத்தானை அழுத்தி, "இதற்கு இனி அனுமதி வேண்டாம்" என்று சொல்லிவிட வேண்டும். அது உயிரோடு இருக்கும்போதே செய்யவேண்டிய காரியம். எங்கள் வீட்டில் எந்தக் கணினியும் அப்படிச் சொல்லிக்கொண்டு போனதில்லை.

அந்த ஆகஸ்ட் மாதத் திங்கட்கிழமை காலை அம்மா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ட்ரூடி, உங்கப்பாவோட பாட்டெல்லாம் பூட்டிக்கிச்சு. வந்து பாரு."

"புதுக் கம்ப்யூட்டர்லயா? என்ன சொல்லுது?"

"இடம் இல்லைங்குது."

"எதுல இடம் இல்லை?"

"அது எனக்கு விளக்கவா போகுது? நீ வா."

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கோடையில் எனக்கு வேலை கிடையாது. அது அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். ஷெபாய்கனில் அவள் இருப்பது ஏரிக்குப் பக்கத்துத் தெரு, நான் இருப்பது ஊரின் மறுகோடி. போய்ச் சேர்ந்தபோது அவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். புதுக் கணினி ரொட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. பழையது இருந்த அதே இடம்தான், அதே மாவுத் தூசிதான்.

"அந்த இடத்துல வெச்சுத்தானே போனதை எரிச்சே? மறுபடியும் அங்கேயே வெச்சிருக்கியே?"

"பாட்டு கேக்கறது சமையலறைல. பெட்டியக் கொண்டுபோய்க் குளியலறைலயா வைக்கச் சொல்றே?"

எங்கள் அம்மா ஆர்லிஸ் டெடரிங்குக்கு அப்போது எழுபத்தொரு வயது. அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் ஊரில் கிடையாது. அப்பா நோர்பர்ட் மட்டும் ஜெயிப்பார், அதுவும் பதில் பேசாமல் சீட்டியடித்துக்கொண்டே நகர்ந்து போய்.

ஊரில் எல்லோருக்கும் அவர் நோர்ப். குழாய்த் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கையோடு, கணினியில் பாட்டு வாங்கலாம் என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்த வேகத்தில், வீட்டில் இருந்த இசைத்தட்டு, கேசட், வட்டு எல்லாவற்றையும் வாசலில் மேசை போட்டு ஒரே சனிக்கிழமையில் விற்றுத் தீர்த்தார். "இனிமே நம்ம வீட்ல தூசியே இருக்காது" என்று அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டார். பிறகு விற்ற பாட்டையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினார். போல்கா, வால்ட்ஸ் என்று ஆடவைக்கும் மெட்டுகள், ரயிலைப் பற்றி அழுகிற கிராமத்துப் பாட்டுகள். வாங்கியதைப் பத்துத் தரம் கேட்பார், பதினோராவது தரம் கூடவே சீட்டியடிப்பார்.

வருகிற சனிக்கிழமை அவருடைய பிறந்தநாள். உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கொல்லைப்புறத்தில் கரி அடுப்பு மூட்டி, பிராட் சுட்டு, தெருவையே கூப்பிடுவார். பிராட் என்றால் எங்கள் ஊர் சாஸேஜ். முதலில் தண்ணீரில் வேகவைத்துவிட்டுச் சுடுகிற ஆட்களை அப்பா மனிதராகவே மதிக்க மாட்டார். அவர் போன பிறகும் அம்மா அந்த விருந்தை விடவில்லை. சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்து, ஒலிபெருக்கியைத் தோட்டத்துப் பக்கம் திருப்பி, அவருடைய பாட்டைப் போடுவாள். பாட்டு இல்லாத விருந்து எங்களுக்கு வெறும் புகை.

திரையில் இருந்ததைப் படித்தேன். இந்தக் கணக்கில் ஏற்கெனவே ஐந்து கணினிகளுக்கு அனுமதி இருக்கிறது, புதிதாகச் சேர்க்க முடியாது என்றது. எந்தக் கணினி, யாருடையது என்று பெயர் எதுவும் இல்லை. ஐந்து என்ற எண் மட்டும்தான்.

"அஞ்சா?" என்றாள் அம்மா. "என்கிட்ட இருந்ததே ஒண்ணு. அதுவும் செத்துப்போச்சு."

"செத்ததையும் சேர்த்துத்தான் கணக்கு. உட்காரு, ஒண்ணொண்ணா எண்ணுவோம்."

கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காபியை ஊற்றினேன்.

"கீழ்த்தளத்துல இருந்துச்சே, பெரிய பெட்டி" என்றேன். "அதுதான் முதல்."

"அது தண்ணில போனது." அம்மாவுக்கு அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. "பனி உருகற நேரம். தண்ணிய வெளியேத்தற பம்பு நின்னுபோச்சு. நான் விடியக்காலைல இறங்கிப் பார்க்கறேன், முழங்கால் அளவு தண்ணி. இந்த மனுஷன் அந்தப் பெட்டியக் குழந்தையாட்டம் தூக்கிக்கிட்டு நிக்கறாரு. பெட்டிலேர்ந்து குழாய் மாதிரி கொட்டுது. 'காய வெச்சாச் சரியாயிரும் ஆர்லிஸ்'ங்கறாரு!"

"அடுப்புப் பக்கத்துல ஒரு வாரம் காய வெச்சாரே."

"என்னோட கேக் தட்டுல வெச்சு!"

இரண்டாவது, அப்பாவின் லேப்டாப். அதைச் சொல்லும்போது நானும் சிரித்துவிட்டேன். பிப்ரவரியில் வின்னிபேகோ ஏரி உறைந்து கிடக்கும்போது, பனிக்கட்டி மேல் சின்ன மரக் கொட்டகை வைத்து, துளை போட்டு, ஈட்டியோடு உட்கார்ந்து பெரிய மீனுக்குக் காத்திருப்பது இங்கே பாதி ஆண்களுக்கு வழக்கம். நாள் பூராவும் இருட்டில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குப் பாட்டு வேண்டாமா? அப்பா லேப்டாப்பைக் கார் பேட்டரியில் மாட்டி அங்கே கொண்டுபோனார். ஒருநாள் வெயில் கொஞ்சம் அதிகம். அப்பாவும் என் தம்பி கேலனும் சூப் குடிக்கக் கரைக்குப் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தால், கொட்டகை ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. உள்ளே போல்கா பாடிக்கொண்டே இருந்ததாம். கொட்டகையைப் பிறகு கயிறு கட்டி இழுத்தெடுத்தார்கள். கணினி மட்டும் வரவில்லை.

"அப்போ ஏரிக்கடில கிடக்கறதுக்கும் அனுமதி இருக்கா?" என்று கேட்டாள் அம்மா.

"இருக்கே. மீனெல்லாம் கேட்டுக்கிட்டிருக்கும்."

"நல்லாக் கேக்கட்டும். காசு கொடுத்து வாங்கினதுதானே."

மூன்றாவது என்னுடையது. சாவியைத் தேடுகிறேன் பேர்வழி என்று அதைக் கார் கூரை மேல் வைத்துவிட்டு, வைத்ததை மறந்து நெடுஞ்சாலைக்கு ஓட்டிப் போனேன். பின்னால் வந்த பால் லாரி அதைப் பார்த்துக்கொண்டது. நாற்பது குழந்தைகளைப் பேருந்தில் பத்திரமாகக் கொண்டுவிடுகிறவள் நான். அதைச் சொல்லிச் சொல்லியே அப்பா ஒரு வருஷம் என்னை ஓட்டினார். நான்காவது அம்மாவின் சமையலறைக் கணினி. வருஷக்கணக்காக அவள் ரொட்டி மாவைக் குடித்துக் குடித்து, அதன் காற்றாடி அடைத்து, போன வாரம் புகைந்துபோனது.

"நாலு" என்றேன். "அஞ்சாவது?"

அம்மா காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "ஞாபகம் இல்லை" என்றாள்.

அவளுக்கு ஞாபகம் இருந்தது. எனக்கும் இருந்தது. ஐந்தாவது, கராஜில் அப்பாவின் படகுக்குப் பக்கத்தில் இருந்த கணினி. அப்பாவும் கேலனும் ஒரு குளிர்காலம் பூராவும் உட்கார்ந்து, உதிரி பாகங்களை வாங்கிக் கோத்துக் கட்டிய பெட்டி. அதன் மூடி கடைசிவரை சரியாகப் பொருந்தவில்லை, மீன்பிடிக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். படகைப் பழுது பார்க்கும்போதெல்லாம் அதில்தான் பாட்டு ஓடும். கேலன் வீட்டை விட்டுப் போனபோது அவன் எடுத்துப்போன ஒரே பொருள் அதுதான்.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அப்பா மே மாதத்தில் ஒருநாள் கராஜில், படகுக்குள்ளேயே, கையில் துணியோடு சாய்ந்துபோய்விட்டார். இதயம். படகின் பெயர் 'இன்னொரு கரண்டி'. சாப்பாட்டு மேசையில் அப்பா ஓயாமல் சொல்கிற வார்த்தை அது. அதையே படகுக்கு வைத்து, அம்மா தலையில் அடித்துக்கொள்வதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். கேலனுக்கு அந்தப் படகை வைத்து மீன்பிடிக்க ஆட்களை ஏரிக்குக் கூட்டிப்போகும் தொழில் செய்ய ஆசை. அப்பாவும் அவனும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டே இருப்பார்கள். அம்மாவோ ஒவ்வொரு காலையும் கராஜ் கதவைத் திறந்தால் அந்தப் படகைப் பார்க்க வேண்டும். கோடை முழுக்கப் பார்த்தாள். அக்டோபரில் கேலன் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்த வாரம், பக்கத்து வீட்டு ஆர்வில் டென்ஹாக்கனுக்கு அதை விற்றுவிட்டாள். யாரையும் கேட்கவில்லை.

கேலன் திரும்பி வந்து காலி இடத்தைப் பார்த்தான். அவர்கள் இருவரும் போட்ட சண்டையை நான் திரும்பச் சொல்ல மாட்டேன். "நீ வித்தது படகை இல்லை, அப்பாவை" என்றான் அவன். "என் வீட்ல இருக்கறத விக்க உன்கிட்ட அனுமதிச் சீட்டு வாங்கணுமா?" என்றாள் அவள். அந்தக் கணினியை லாரியின் முன்னிருக்கையில் வைத்து, அதற்கு இருக்கைப் பட்டியும் போட்டு, வடக்கே மார்க்வெட்டுக்குப் போய்விட்டான். மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஓர் அட்டை வரும், உள்ளே அவன் பெயர் மட்டும் இருக்கும். அம்மா ஒரு தடவைகூட அவனைக் கூப்பிடவில்லை, அவனும் அவளைக் கூப்பிடவில்லை. ஒன்று கல்லுளிமங்கன் என்றால் இன்னொன்று கல்லுளிமங்கி. நடுவில் நான் இரண்டு பேர் மேலும் கோபத்தோடு அலைந்தேன்.

"அஞ்சாவது கேலனோடது" என்று போட்டு உடைத்தேன். "சரி, விடு. இதுக்கு ஒரு வழி இருக்கு. எல்லாத்தையும் ஒரேடியா எடுத்துடலாம். வருஷத்துக்கு ஒரு தடவை விடுவாங்க. எல்லாம் போய்ச் சைபர் ஆயிரும், அப்புறம் இந்தப் புதுசைச் சேர்த்துக்கலாம். பாஸ்வேர்டு சொல்லு."

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"எல்லாத்தையும் எடுக்க வேண்டாம். உடைஞ்சதை மட்டும் எடு."

"அம்மா, ஒண்ணொண்ணா எடுக்கணும்னா அந்தந்தக் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்துதான் எடுக்க முடியும். ஏரிக்குள்ள இறங்கச் சொல்றியா என்னை?"

"அப்போ விட்டுடு."

"பாட்டு?"

"பாட்டு வேண்டாம். இந்த வருஷம் ஆர்வில் வீட்டு ரேடியோவ வெச்சுக்கலாம்."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. ஆர்வில் வீட்டு ரேடியோவில் மக்காச்சோள விலையும் மழையும்தான் வரும். அப்பாவின் பிறந்தநாளுக்கு மக்காச்சோள விலை! கத்திவிட்டேன். உடைந்துபோன ஒரு பெட்டிக்காக இவ்வளவு பிடிவாதமா என்றேன். "அவன் அதை எப்பவோ குப்பைல போட்டிருப்பான். கயிறு போட்டுக் கட்டின டப்பா! மூணு வருஷம் தாங்குமா அது?"

அம்மா திரையில் இருந்த ஐந்து என்ற எண்ணின் மேல் விரலை வைத்தாள், மாவு ஒட்டியது.

"அவன் பேரு இந்த வீட்ல வேற எதுலயும் இல்லைடி" என்றாள். "கடுதாசி வர்றதில்லை. அவன் சட்டையெல்லாம் நீதான் தேவாலயத்துக்குக் குடுத்தே. இதுல ஒண்ணுலதான் இன்னும் இருக்கான். நானே என் கையால எடுக்கணுமா?"

இருந்தாலும் உடனே இறங்கிப்போகிற சுபாவம் எனக்கில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தேன். நன்றாகச் சத்தம் வரும்படி கழுவினேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள். "எல்லாத்தையும் எடுத்துட்டா, உயிரோட இருக்கற கம்ப்யூட்டர் என்ன ஆகும்?"

"அடுத்த தடவை இன்டர்நெட்டுக்குப் போனதும் பாட்டு நின்னுரும். பாஸ்வேர்டு கேக்கும்."

"பாஸ்வேர்டு தெரிஞ்சா?"

"தெரிஞ்சாத் திரும்பச் சேர்ந்துக்கலாம். எண்ணிக்கைல ஒண்ணு ஏறும்."

"அவனுக்குத் தெரியும். உங்கப்பாவும் அவனும் சேர்ந்து வெச்சதுதான் அது." அம்மா நாற்காலியை இழுத்துக் கணினிக்கு நேராகப் போட்டுக்கொண்டாள். "அப்போ இந்தப் புதுசு ஒண்ணு. அவன் இன்னும் அப்பா பாட்டைக் கேட்டுக்கிட்டிருந்தான்னா, ரெண்டு."

நான் குழாயை மூடினேன். "அம்மா, அந்தப் பெட்டி நிஜமாவே கெட்டுப்போயிருந்தா? அவன் மேல தப்பே இல்லாம எண்ணிக்கை ஒண்ணுலயே நின்னுரும்."

"நின்னா நிக்கட்டும். தெரியாம இருக்கறது போதும் எனக்கு."

"நான் அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லிடறேனே? இப்படிப் பண்ணப்போறோம்னு."

"சொன்னே, அப்புறம் என் வீட்டுப் படி ஏறாதே. நீ சொல்லி அவன் செய்யறதுல எனக்கு என்ன இருக்கு? திரும்பிக்கோ, பாஸ்வேர்டு போடணும்."

"நான் உன் பொண்ணும்மா!"

"திரும்பிக்கோடி."

சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு விரலால் நிதானமாகத் தட்டினாள். நீளமான கடவுச்சொல். பிறகு பக்கத்தைத் தேடிக் கொடுத்தேன். 'எல்லாக் கணினிகளையும் நீக்கு' என்ற பொத்தானை அவளே அழுத்தினாள். நிச்சயமாகத்தானா என்று கேட்டது. "நிச்சயமா இல்லை" என்று கணினியிடம் சொல்லிவிட்டு, மறுபடி அழுத்தினாள். ஐந்து போய்விட்டது. கீழ்த்தளத்து வெள்ளமும், உறைந்த ஏரியும், பால் லாரியும், மாவுத் தூசியும் ஒரே அழுத்தில் போயின. எனக்கு அழுகை வரும்போல இருந்தது, ஏன் என்று அப்போது தெரியவில்லை. கணினிதானே என்று நினைத்துக்கொண்டேன்.

புதியதைச் சேர்த்தோம். எண்ணிக்கை ஒன்று. பாட்டும் திறந்துகொண்டது. அம்மா ஒரு வால்ட்ஸை வைத்துப் பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

அந்த வாரம் எனக்கு நரகம். ஒவ்வொரு காபிக்கும் ஒரு தடவை அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடுவாள். "ஒண்ணுதான்" என்பாள். "சரிம்மா" என்பேன். செவ்வாய் ஒன்று. புதன் ஒன்று. குரல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சிறுத்துக்கொண்டே வந்தது. வியாழக்கிழமை கூப்பிடவே இல்லை. நானே போனேன். உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டு, "அந்த டப்பா கெட்டுத்தான் போயிருக்கும், இல்லே?" என்றாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவனுக்காக ஒரு சாக்குச் சொல்கிறாள். எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் புது லேப்டாப்பைத் திறந்தேன். அந்தக் கணக்கில் இதைச் சேர்த்துவிட்டால் எண்ணிக்கை இரண்டாகிவிடும். அம்மா சிரித்துவிடுவாள். ஆனால் கடவுச்சொல் வேண்டுமே. அப்பாவின் பிறந்த தேதியைப் போட்டேன். தவறு. அம்மா பெயரைப் போட்டேன். தவறு. எங்கள் செத்துப்போன நாயின் பெயரைப் போட்டேன். இன்னும் ஒரு தடவை தவறினால் கணக்கையே பூட்டிவிடுவேன் என்று மிரட்டியது. லேப்டாப்பை அறைந்து மூடிவிட்டு, திரும்பிக்கோடி என்ற கிழவியை மனதார வைதேன்.

சனிக்கிழமை நல்ல வெயில். ஆர்வில் காலையிலேயே கறிக்கடைக்குப் போய் இரண்டு பெட்டி பிராட் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். படகை வாங்கியதிலிருந்து அந்த மனிதர் அம்மாவுக்கு எதையாவது செய்துகொண்டே இருக்கிறார். பனி வழிக்கிறார், புல் வெட்டுகிறார். படகின் பெயரை மட்டும் அழித்து வேறு எழுதிவிட்டார். கரி பிடித்துச் சாம்பல் பூத்தது. தெருவே வந்தது. ஜன்னலில் இருந்து போல்கா கொட்டியது, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த மெட்டுகள், குழந்தைகள் புல்லில் உருண்டார்கள். அம்மா எல்லோருக்கும் ரொட்டி ரோலைப் பிளந்து, கடுகுச் சாஸும் வெங்காயமும் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பார்க்கிறவர்களுக்கு அவள் முகத்தில் எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

உருளைக்கிழங்கு சாலட் தீர்ந்துபோய், இன்னொரு பாத்திரம் எடுக்க உள்ளே போனாள். போனவள் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஜன்னலில் இருந்து என் பெயரைக் கூப்பிட்டாள். நான் எட்டு வயதில் ஜாடியை உடைத்தபோது கூப்பிட்ட அதே குரல்.

சாலட் பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கணினி முன்னால் நின்றிருந்தாள்.

"நீயா பண்ணினே?"

திரையைப் பார்த்தேன். அனுமதி பெற்ற கணினிகள்: 2.

"நான் இல்லைம்மா."

"பொய் சொல்லாதே. என்னைப் பார்த்துச் சொல்லு. பரிதாபப்பட்டு நீதான் பண்ணியிருக்கே."

"பண்ணத்தான் பார்த்தேன்! முடியலை! உன் பாஸ்வேர்டு எனக்கு எங்கே தெரியும்? திரும்பிக்கோ, திரும்பிக்கோன்னுதானே விரட்டினே!"

என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு பாத்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டு, சுவரில் இருந்த தொலைபேசியை எடுத்தாள். அவன் எண்ணை எங்கேயும் பார்க்கவில்லை, மனப்பாடமாகச் சுழற்றினாள். மூன்று வருஷமாகக் கூப்பிடாத எண். எனக்கு அப்போதுதான் அவள் மேல் இருந்த கோபமெல்லாம் கரைந்தது.

அம்மாவுக்குக் காது மந்தம். தொலைபேசியின் சத்தத்தை ஏற்றி வைத்திருப்பாள், எதிர்முனையில் பேசுவது அறைக்கே கேட்கும். மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். முதலில் குரல் வரவில்லை. பாட்டுதான் வந்தது, அப்பாவின் ரயில் பாட்டு, முழுச் சத்தத்தில். எங்கள் ஜன்னலில் போல்கா, தொலைபேசிக்குள் ரயில்.

"சத்தத்தை ஜாஸ்தி வெச்சிருக்கே" என்றாள் அம்மா.

கேலன் பேசினான். "அப்பா வெக்கற அளவுதான்."

"அந்தப் பெட்டி இன்னும் ஓடுதா?"

"கயித்தை மட்டும் மாத்தினேன்."

பிறகு அவனே சொன்னான். "நேத்து திடீர்னு பாட்டு நின்னுபோச்சு. இந்தக் கம்ப்யூட்டருக்கு அனுமதி இல்லைன்னு வந்துச்சு. சரி, கடைசில இதுலேர்ந்தும் என்னை எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன். மூடி வெச்சுட்டேன். இன்னிக்கு அப்பா பொறந்தநாள். மனசு கேக்கலை. திறக்காதுன்னு நெனச்சுத்தான் பழைய பாஸ்வேர்டைப் போட்டேன்."

"தெறந்துச்சுல்ல?"

"அம்மா, இன்னும் படகோட பேரைத்தானா வெச்சிருக்கே?"

நான் அம்மாவைப் பார்த்தேன். இன்னொரு கரண்டி. படகை விற்ற பிறகு, ஒவ்வொரு தடவை அப்பாவின் பாட்டுக் கணக்கைத் திறக்கும்போதும் ஒரு விரலால், எழுத்து எழுத்தாக, அதைத்தான் தட்டியிருக்கிறாள். மூன்று வருஷம். நான் பார்த்துவிடக் கூடாது என்று என்னைச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டு.

"படகைத்தான்டா வித்தேன்" என்றாள். குரல் உடைந்துபோயிருந்தது. "அதுல அவர் சாஞ்சு கிடந்ததைத் தினமும் என்னால பார்க்க முடியலை. உன்னைக் கேட்டிருக்கணும். கேட்டிருந்தா நீ வேண்டாம்னுருப்பே, நான் செத்துப்போயிருப்பேன். பேரை நான் யாருக்கும் குடுக்கலை."

அவன் அழுதான். முப்பத்தாறு வயது ஆள், சின்னப் பையனைப் போல மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதது அறை பூராவும் கேட்டது. நானும் சாலட் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

"அடுப்பு மூட்டியிருக்கு" என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இங்கேர்ந்து அஞ்சு மணி நேரம்மா. நான் வர்றதுக்குள்ள எல்லாம் அணைஞ்சு போயிருக்கும்."

"கரி நெறைய இருக்கு. கிளம்பு."

தொலைபேசியை வைத்துவிட்டு நேராகக் கராஜுக்குப் போனாள். நான் ஓடிப் பிடிப்பதற்குள் பெரிய கரி மூட்டையைத் தானே தரதரவென்று புல்லில் இழுத்துக்கொண்டு வந்தாள். ஆர்வில் இடுக்கியோடு திகைத்து நின்றார்.

"ஆர்லிஸ், எல்லாருக்கும் சுட்டாச்சே. இன்னும் யாருக்கு இவ்வளவு கரி?"

"கேலன் வர்றான்."

ஆர்வில் முகம் வெளுத்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் தன் வீட்டு வாசலில் நிற்கும் படகை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "என்னை அடிப்பானோ?"

"அடிப்பான். ஆனா முதல்ல சாப்பிடுவான்" என்றாள் அம்மா. மூட்டையைப் பிரித்து என் பக்கம் தள்ளினாள். "ட்ரூடி, பார்த்துக்கிட்டே இரு. நெருப்பு அணையக்கூடாது."